கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும்

கேள்வி: உங்கள் பார்வையையும் ரசனையையும் வார்த்தெடுத்த பத்தாண்டு எது?
(வாசகர், அல்லைப்பிட்டி)

பதில்: தொண்ணூறுகள்தான், சந்தேகமே வேண்டாம். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. அந்தக் காலத்தில்தான் உங்கள் தீவகத்துச் சனமும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாகிவிட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், மேலே ஒரு திரி. அந்தப் பொட்டு வெளிச்சத்தில்தான் படித்தோம். சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம். பாட்டுக் கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோ ஓட றேடியோ பாடும். கை ஓய்ந்தால் இளையராஜாவும் ஓய்ந்துவிடுவார்! தோள் வலிக்கக் கேட்ட பாட்டில் ஒரு சொல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. இன்றும் பாட்டு நடுவில் யாராவது கதைத்தால் எனக்குக் கோபம் வரும்.