ஊரைக் காட்டுதானா, ஒன்னைக் காட்டுதானா?

ஏலே பேராண்டி, அந்தச் செல்போனைச் செத்த நேரம் கீழ வையி. நீ நீட்டுன விளம்பரத்தைக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டேன். அரை நாளுல ஐதராபாத்து. ஆறு இடம், ஏசி வண்டி, தண்ணி பாட்டிலு ஒண்ணு, ஷாப்பிங் உட்பட. சார்மினாரு, மெக்கா மசூதி, சவுமஹல்லா அரமனை, சாலார்ஜங் மியூசியம், முத்துக் கடை, வளையல் கடை. கோல்கொண்டா கோட்டை உண்டுமான்னு தேடுனேன். 'வண்டியிலிருந்தபடி'ன்னு கடைசியில பொடி எழுத்துல கெடக்கு. அதே கோட்டையை எட்டு மாசம் வளைச்சு நின்னுல்லா அவுரங்கசீப்பு 1687ல உள்ள போனான்? நீ சன்னல் கண்ணாடியை எறக்காமயே புடிச்சிருவ. கெட்டிக்காரன்தான்.

வா, கணக்குப் போடுவோம். எட்டரைக்கு வண்டி. ஒன்னைய ஏத்திக்கிட்டு மாதாப்பூர்ல ரெண்டு பேரு, பஞ்சாரா ஹில்ஸ்ல ஒரு குடும்பம். அந்த வீட்டம்மா 'இந்தா வந்துட்டேன்'னு சொல்லிட்டு அப்பத்தான் குளிக்கப் போவா. பொறவு மூசி ஆத்துப் பாலத்துல வண்டி நகராம நிக்கும். பழைய ஊருக்குள்ள கால் வைக்கையில பத்தரை ஆயிரும். ஒண்ணரைக்குத் திரும்பணும். மிச்சம் மூணு மணி நேரம். அதுல முத்துக் கடைக்கு ஒரு மணி, வளையல் கடைக்கு முக்கா மணி. மெக்கா மசூதியைக் கட்ட ஆரம்பிச்சு எழுவது வருசத்துக்கு மேல ஆயி 1694லதான் வேலை முடிஞ்சுது. அதுக்கு ஒனக்கு எம்புட்டு ஒதுக்கிருக்கான் பாத்தியா? பத்து நிமிசம். அதுலயும் செருப்பைக் கழத்தி மாட்டுத நேரம் போவும்.

கியூரேட்டடு டூராம்லே. எக்ஸ்பீரியன்ஸாம். எங்க காலத்துல ஊரு சுத்துறதுன்னு சொல்லுவோம். அதுக்கு ரசீது கெடையாது.

ஒங்க அத்தை வீட்டுல, கொண்டாப்பூர்ல வந்து கெடக்கேன்லா, எனக்கு வேறென்ன சோலி? பஸ்ஸப் புடிச்சு சார்மினாருக்குப் போயி, எதிர்த்தாப்புல ஈரானி டீக்கடையில ஒரு டீயும் ரெண்டு உஸ்மானியா பிஸ்கோத்தும் வாங்கிக்கிட்டு நின்னுருவேன். டிகாஷனைத் தனியாவும் பாலைத் தனியாவும் காய்ச்சி ஊத்துதான். ஆடை மெதக்கும். பிஸ்கோத்து இனிப்புமா உப்புமா இருக்கும். ஏழாவது நிஜாமு உஸ்மான் அலிகான் பேருதான் அதுக்கு. அங்கன நின்னு ஒங்களை மாரி ஆளுகளை வேடிக்கை பாக்கது இருக்கே, அதுக்கு டிக்கெட்டே போடலாம். கொடியத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் முன்ன போறான். வாத்து மேய்க்கவன் பின்னால போறாப்ல இருவது பேரு பின்னாலயே போறாவ. அவன் நின்னா நிக்காவ. திரும்புனா திரும்புதாவ. சார்மினாருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கைய நீட்டிப் போட்டோ எடுக்காவ. நாலு கோபுரத்துக்கு நடுவுல, நாலு பக்கமும் கடிகாரம் இருக்கு. 1889ல வச்சது. ஒருத்தனாச்சும் ஏறிட்டுப் பாக்கணுமே? கையில கெட்டுன வாட்சைப் பாத்து 'லேட்டாச்சு, லேட்டாச்சு'ன்னு ஓடுதான். மேல ஏற 149 படி. ஒரு ஆளு ஒடுங்கிப் போற அளவுக்குச் சுருள் படி. 'அதுக்கு டைம் இல்ல சார்'ங்கான் கொடிக்காரன். முத்துக் கடைக்கு மட்டும் டைம் எங்கேருந்துலே வருது?

அங்கதான் சூட்சுமம். வண்டிக்கு நீ குடுத்த காசு டீசலுக்கே காணாது. மிச்சத்தை யாரு குடுக்கா? ஒன்னைய எந்தக் கடை வாசல்ல எறக்கி விடுதானோ அந்தக் கடைக்காரரு குடுக்காரு. ஒனக்கு ஊரைக் காட்டுதாவன்னு நீ நெனச்சிருக்க. ஊருல உள்ள கடைகளுக்கு ஒன்னையல்லா காட்டுதாவ? இதைக் கேட்டா ஒனக்குச் சுள்ளுங்குது. எனக்கு ஆச்சரியமில்ல. சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டுப் போனவனுக்குத் தரகன் மொகம் தெரியாதா?

இது இங்க மட்டுமுள்ள கூத்தும் இல்ல. நம்ம தூத்துக்குடியில தெக்குத் தெரு பய ஒருத்தன் சொகுசுக் கப்பல்ல சமையக்கட்டு வேலைக்குப் போயிருக்காம்லா, அவன் சொல்லுவான். கரீபியன் கடல்ல செயின்ட் தாமசுன்னு ஒரு தீவு. கப்பல் காலையில வந்து நிக்கும், சாயங்காலம் கெளம்பிரும். எறங்குத வெள்ளைக்காரவிய கையில கப்பல்லயே ஒரு கடைப் படம் குடுத்து விட்டுருவாவளாம், எந்தெந்தக் கடையில வாங்கணும்னு. அந்தப் படத்துல எடம் புடிக்கக் கடைக்காரவிய காசு கெட்டணும். சார்லட் அமேலிங்கற அந்த ஊருல ஒரு தெரு நெடுக வைரக் கடையும் வாட்ச் கடையும்தானாம். கல்லாவுல இருக்கதுல நம்ம சிந்திக்காரவியளும் உண்டு. கடலைத் தாண்டிப் போயி, கடலைப் பாக்காம, மோதரத்தைப் பாத்துட்டு வாராவ. நீ அவ்வளவு தூரம் போவாண்டாம். சார்மினாருக்குப் பக்கத்துல பத்தர்கட்டியிலயே ஒனக்கு அந்த யோகம் கெடைக்கும்.

முத்துக் கடையைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன், கேளு. ஏன்னா இதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாத எடம். உள்ள போனதும் ஏசி காத்து. ஏலக்கா டீ வரும். காசு கேக்க மாட்டாவ, பயந்துக்க. கறுப்பு வெல்வெட்டுத் துணியை விரிச்சு, அதுல ஒரு சரத்தைப் பைய எறக்கி வைப்பான். மேல ஒரு வெளக்கை வேற போடுவான். அந்த வெளக்குல பாத்தா பச்சரிசியும் முத்தாத்தான் தெரியும். 'ஐதராபாத் முத்து சார், நிஜாம் காலத்துலேருந்து'ம்பான். நீ வாயைப் பொளந்துருவ. ஏலே, ஐதராபாத்துல ஏதுலே கடலு? ஹுசேன்சாகர் ஏரியிலயா முத்துக் குளிச்சாவ?

நிஜாமுகளுக்கு முத்துமேல பைத்தியம். அது நெசம். அவியளுக்கு முத்து வந்தது பாரசீக வளைகுடாவுலேருந்து, பஸ்ரா முத்துன்னு பேரு. நெறம் வாரியா, பருமன் வாரியாப் பிரிக்கதும், உடையாமத் தொளை போடுததும், சரம் கோக்கதும்தான் இந்த ஊரோட கைவேலை. அதுல இவியளை அடிச்சுக்க ஆளில்ல. அதை நான் ஒத்துக்கிடுதேன். ஆனா இன்னைக்குக் கடையில குமிஞ்சு கெடக்கதுல முக்கால்வாசி சீனாவுல நன்னீர்க் குட்டையில வளத்த முத்து. ஒரே சிப்பிக்குள்ள இருவது முப்பதுன்னு வெளைய வைக்கான். அது போலி இல்ல, முத்துதான். வெலையும் மலிவு. ஆனா நிஜாமுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நீ யாரு? தூத்துக்குடிக்காரன். கொற்கைக்குப் பக்கத்துல பொறந்தவன். ஒங்க பாட்டியோட அண்ணன் இடுப்புல கயித்தைக் கெட்டிக்கிட்டு, கல்லு மேல காலை வச்சு முத்துக்கு முங்குன ஆளு. நம்ம கடல்ல கடைசி முத்துக்குளிப்பு, சலாபம்பாவ, 1961ல நடந்தது. குமிச்சு வச்ச சிப்பியை அழுவவிட்டுத்தான் முத்தைக் கழுவி எடுப்பாவ. அந்த நாத்தம் ஊரைத் தூக்கும். சோறு எறங்காது. அந்த நாத்தத்துலேருந்து வந்தாத்தாம்லே ராசா கழுத்துல மாலை. பொறவு 1973ல அரசாங்கத்துக் கடல்மீன் ஆராய்ச்சிக்காரவிய நம்ம தூத்துக்குடியிலயேதான் சிப்பிக்குள்ள கரு வச்சு முத்து வளக்கதைச் செஞ்சு காட்டுனாவ. அப்பேர்ப்பட்ட ஊருக்காரன், சென்னையில வேலை பாத்துச் சம்பாதிச்ச காசை எடுத்துக்கிட்டு, ஐதராபாத்துக்கு வந்து, சீனாவுல வெளஞ்ச முத்தை நிஜாம் முத்துன்னு வாங்கிக்கிட்டுப் போறான். கேக்கதுக்கே எம்புட்டு சொகமா இருக்கு!

வாங்குததுன்னா வாங்கிக்க. பிள்ளைக்கு ஆசையிருக்கும். ஒரு சோலி செய்யி. முத்தை முன்பல்லுல லேசாத் தேச்சுப் பாரு. நல்ல முத்துன்னா நறநறன்னு பொடி மண்ணு மாரித் தட்டுப்படும். வழுவழுன்னு வழுக்குச்சுன்னா கண்ணாடியோ பிளாஸ்டிக்கோதான். கடைக்காரன் மொறைப்பான், கண்டுக்காத. பக்கத்துல நிக்க பஞ்சாரா ஹில்ஸ் அம்மாவும் ஒன்னையப் பாத்துப் பல்லுல தேய்ப்பா. செத்த நேரத்துல வண்டியில வந்தவிய அம்புட்டுப் பேரும் சரத்தைக் கடிச்சுக்கிட்டு நிப்பாவ. அந்தப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

வளையல் தெரு வேற மாரி. லாட் பஜார். அதை நான் கொறை சொல்ல மாட்டேன். அரக்கு வளையலுக்கு 2024ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. ஆனா நீ மினுக்குத கடையைப் பாத்துட்டுத் திரும்பிருவ. பின்னால உள்ள முடுக்குக்குள்ள போ. ஒரு கரியடுப்புக்கு முன்னால ஒருத்தரு குத்த வச்சு உக்காந்திருப்பாரு. அரக்கைச் சூட்டுல எளக்கி, உருட்டி, நீட்டி, வளைச்சு ஒட்டுவாரு. ஆறுததுக்குள்ள ஒவ்வொரு கல்லா எடுத்து அழுத்தணும். ஒரு கல்லு கோணுச்சுன்னா வரிசையே கோணிரும். வெரல் நுனியைப் பாரு, காச்சுப் போயிருக்கும். நீ என்ன செய்வ? மால்ல ஒரு காப்பிக்கு முன்னூறு ரூவாயைப் பேசாம எடுத்து வைப்ப. இங்கன வந்து இருவது ரூவாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிப்ப. கேட்டா 'பார்கெயின் பண்ணத் தெரியணும் தாத்தா'ம்ப. தெரிஞ்சிருக்குலே, நல்லாவே தெரிஞ்சிருக்கு. எங்க காட்டணும்னுதான் தெரியல.

ஷாப்பிங்கு ஷாப்பிங்குன்னு துடிக்கியே, வாங்கிக் குமிச்சவன் வீட்டைப் பாத்துட்டு வா. பக்கத்துல புரானி ஹவேலி. ஆறாவது நிஜாமு மஹபூப் அலிகானுக்கு அங்க ஒரு துணி அலமாரி உண்டு. அலமாரின்னா நம்ம வீட்டுப் பீரோ இல்ல, மண்டபம் நீளத்துக்கு ரெண்டு அடுக்கு. மேலடுக்குக்கு ஏறக் கையால சுத்துற மர லிஃப்டே வச்சிருந்தாரு. போட்ட துணியைத் திருப்பிப் போட மாட்டாரும்பாவ. அவரு மவன் உஸ்மான் அலிகானு? 1937ல டைம் பத்திரிகை அட்டையில உலகத்துலயே பெரிய பணக்காரர்னு படம் வந்த மனுசன். பழந்துணியும் நைஞ்ச குல்லாவுமாத் திரிஞ்சாரு. அப்பன் செருப்புக்குள்ள கெடந்த ஜேக்கப் வைரத்தை எடுத்து, காயிதம் பறக்காம இருக்க மேல வச்சாராம். 184 காரட்டுக்கு மேல! இப்ப அது ரிசர்வ் பாங்குப் பெட்டகத்துல கெடக்கு. இந்த ரெண்டு பேருல நீ யாரு வழின்னு நான் கேக்க மாட்டேன். ஒன் ரூம்ல கெடக்க செருப்பு டப்பாவை ஒங்க அம்மை எண்ணிச் சொல்லிட்டா.

சாலார்ஜங் மியூசியத்துல ஒரு கடிகாரம். மணிக்கொரு தரம் தாடிக்காரப் பொம்மை ஒண்ணு கதவைத் தொறந்துக்கிட்டு வந்து மணியடிச்சுட்டுப் போவும். அதுக்கு முன்னால சனம் பெஞ்சு போட்டு உக்காந்திருக்கும். பன்னெண்டு மணின்னா பன்னெண்டு அடி. அடிச்சதும் சனம் கை தட்டும். பெத்த பிள்ளை நல்ல மார்க் வாங்கிட்டு வந்தாக்கூட இப்படித் தட்ட மாட்டான். அதே மியூசியத்துல பென்சோனிங்கற இத்தாலிக்காரன் 1876ல செஞ்ச ரெபக்கா செலை நிக்கி. மொகத்துல முக்காடு. பளிங்குலேயே மெல்லிசுத் துணி. உள்ள கண்ணும் மூக்கும் தெரியும். கல்லுல எப்படிலே துணி நெய்வான்? நம்மூரு கோயில்ல கல்லுச் சங்கிலி பாத்த எனக்கே நெஞ்சு நின்னு போச்சு. ஒனக்கு அதுக்கு நேரமிருக்காது, கொடிக்காரன் விசிலடிப்பான்.

இன்னொண்ணு. அந்த ஆறு எடத்துல இல்லாத எடம் ஒண்ணு சொல்லுதேன். மியூசியத்துலேருந்து ஆத்துக்கு அக்கரை, உஸ்மானியா ஆஸ்பத்திரி வளவுக்குள்ள ஒரு புளியமரம். 1908 செப்டம்பர் 28ல மூசி பெருகி ஆயிரக்கணக்கான சனத்தை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அன்னைக்கு அந்த மரத்துல ஏறுன நூத்தம்பது பேரு பொழச்சாவன்னு சொல்லுதாவ. அந்த வெள்ளத்துக்குப் பொறவுதான் எஞ்சினியரு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டு ரோசனை கேட்டு, உஸ்மான் சாகர் அணையைக் கெட்டுனாவ. நம்மூருல புளியமரத்துல பேய் இருக்கும்னு பிள்ளைகளை வெரட்டுவோம். இங்க ஒரு கெளட்டுப் புளி ஒரு தெருச் சனத்தையே தோள்ல தூக்கிருக்கு. அங்க டிக்கெட்டு இல்ல, கடை இல்ல, கமிஷனும் இல்ல. அப்ப எந்த டூர்க்காரன்லே கூட்டிக்கிட்டுப் போவான்?

சரி, அந்த வெளம்பரத்தை இன்னொருக்கா காட்டு. எந்தத் தேதிக்குப் பணம் கெட்டிருக்க? வெள்ளிக்கிழமையா? அட மூதி, வெள்ளிக்கிழமை சாலார்ஜங் மியூசியத்துக்கு லீவுல்லா? சவுமஹல்லாவும் பூட்டிக் கெடக்கும். மெக்கா மசூதியில மத்தியானத் தொழுகைக்குக் கூட்டம் நெரியும், ஒன்னைய மாரி வேடிக்கை பாக்க வந்தவனுக்கு எடமிருக்காது. மொகத்தைத் தூக்காதலே. டூர்க்காரன் மிச்சமாவுத நேரத்தை வீணடிப்பானா? அம்புட்டையும் முத்துக் கடையில சேத்துருவான். காலையில பல்லை நல்லா வெளக்கிட்டுக் கெளம்பு.