பைக்குள் 17 மடங்கு

யாழ்ப்பாணத்து வளவில் கேட்பாரற்று நிற்கிற முருங்கை, காய்ந்து தூளாகித் தேநீர்ப் பைக்குள் புகுந்ததும் சர்வரோக நிவாரணி ஆகிவிடுகிறது. விற்போர் உலகெங்கும் ஓதும் மந்திரம் ஒன்றே: தோடம்பழத்தைப் போல 7 மடங்கு விற்றமின் சி, பாலைப் போல 17 மடங்கு கல்சியம். முன்னது பச்சை இலையின் கணக்கு. காயவைத்தால் அந்த விற்றமினில் பெரும்பகுதி போய்விடும். பின்னது உலர்ந்த தூளின் கணக்கு, 100 கிராமுக்குச் சுமார் 2000 மில்லிகிராம். எது பெரிதோ அதுவே பெட்டியில் ஏறும். பைக்குள் இருப்பதோ ஏறக்குறைய 2 கிராம். அதன் கல்சியம் முழுவதும் கரைந்தாலும் (கரையாது) 40 மில்லிகிராம். ஒரு தம்ளர் பாலில் அதைப் போல 5, 6 மடங்கு உண்டு.

அப்படியானால் முன்னோர் மூடரா என்று கேட்பார்கள். இல்லை, அவர்கள் இலையை வறையாக்கித் தின்றார்கள், ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு இலையை எறியவில்லை. சித்த மருத்துவத்தைச் சாட்சிக்கு இழுப்பதும் செல்லாது. கைதடிச் சித்த போதனா வைத்தியசாலையில் ஆளைப் பார்த்துத்தான் மருந்து. பெட்டி யாருடைய நாடியையும் பார்ப்பதில்லை. சீனி போடாத சூடான பானம் என்ற அளவில் குடியுங்கள், குறையில்லை. நீரிழிவு மாத்திரையை மட்டும் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.