மடக்க அறியாதவர்

சீகிரியாப் பாறையின் ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்தையும் படிப்படியாக ஏறி இறங்கி, கால் தள்ளாட, தொண்டை வறள, விடுதி வாசலில் வந்து நின்று ஒரு வெளிநாட்டம்மாள் அறைத் திறப்பைக் கேட்கும் தருணத்தில்தான் நம்முடைய முதலாளிக்குக் கைத்தொலைபேசியில் அந்த மகத்தான தர்மசங்கடம் வந்து சேரும். முகமறியா ஒருவன் எந்தத் தேசத்திலிருந்தோ பணம் கட்டியிருக்கிறான். பதிலுக்குக் கட்டி அவன் சீட்டைப் பார்ப்பதா, அல்லது தம் சீட்டை மடக்கிவிட்டு மானத்தோடு ஒதுங்குவதா? ஒன்லைன் போக்கர் என்னும் நவீன சூதில் இதற்குக் கோல் என்றும் ஃபோல்ட் என்றும் பெயர்.

அவர் யோசிக்கிற அழகைச் சாவகாசமாகத்தான் வர்ணிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடியும் அணிவார். மின்விசிறியின் சத்தம் சிந்தனையைக் கலைக்கிறதென்று அதை நிறுத்தச் சொல்லுவார். திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வர, ஆட்டக்காரனுக்கென்று ஒதுக்கப்பட்ட உபரி நேரத்தையும் கடைசித் துளிவரை செலவழித்து, சமையற்காரனை அழைத்து அபிப்பிராயம் கேட்பார், திறப்புக்காக நிற்கும் அம்மாளிடமும் ஆங்கிலத்தில் கேட்பார், கடைசியில் என் பக்கம் திரும்பி, "சேர், என்ன சொல்றீங்க? கோல் பண்ணவா, வெச்சிடவா?" என்பார். மூவரும் ஏகோபித்து மடக்கச் சொல்லுவோம். அவரும் தலையை ஆட்டி, "அதுதான் சரி" என்று ஆமோதித்து, கோல் பொத்தானை அழுத்துவார். இத்தனை ஆலோசனையும் அந்தப் பொத்தானுக்கு முன் நடக்கும் ஒரு பூசைதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

கணக்குச் சொல்லியும் பார்த்தேன். நடுவில் 300 ரூபாய் கிடக்கிறது, எதிரி 100 வைக்கிறான். 400ஐ வெல்ல நீர் 100 கட்டுகிறீர், ஆகவே ஐந்துக்கு ஒரு தடவையாவது வென்றால்தான் கட்டினது கட்டினபடி திரும்பும். ஒரே இனத்தில் நாலு சீட்டுச் சேர்ந்து, ஐந்தாவதற்காகக் கடைசிச் சீட்டை எதிர்பார்த்திருக்கிறீர் என்றாலும், காணாத 46 சீட்டில் உமக்கு உதவுவன 9 மாத்திரமே; அதுவும் ஐந்தில் ஒன்றுக்கு மயிரிழை குறைவு. இதையெல்லாம் புராணம் கேட்கும் பக்தியோடு கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கணக்கு சரிதான் சேர். ஆனா அவன் கையில என்னதான் இருக்குன்னு பார்க்க வேணாமா?"

சரித்திரமும் அவர் கட்சியாம். 495இல் தம்பி முகலனோடு பொருதிய சீகிரியா அரசன் காசியப்பனின் யானை சேற்றைக் கண்டு சற்றே விலகித் திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறியோடியது, தனித்து நின்ற அரசன் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டான் என்று சூளவம்சம் கூறும். "பார்த்தீங்களா, திரும்பினதாலதான் கெட்டான்!" என்பது இவருடைய வியாக்கியானம். எவராலும் எளிதில் ஏற முடியாத பாறையின் உச்சியில் அரண்மனை கட்டியிருந்தவன் சமவெளிக்கு இறங்கி வந்தானே, அதுவல்லவா கோல் என்று கேட்டால் காது கேளாதவராகிவிடுவார். உடனே லாஸ் வேகாஸுக்குத் தாவுவார். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஒன்லைனில் தகுதி பெற்று உலகப் போக்கர் போட்டிக்குப் போய், உருப்படியான சீட்டு ஒன்றுமில்லாமலே முழுப்பணத்தையும் வைத்து மிரட்ட, சாம் ஃபார்ஹா என்னும் பழுத்த ஆட்டக்காரர் ஒரு சோடி ஒன்பதை மடக்கினார்; மணிமேக்கருக்கு 25 இலட்சம் டொலர் கிடைத்தது. அந்தச் சோடியைப் பற்றிப் பேசும்போது நம்மவருக்குக் கண் கலங்கும். கைக்கு வருவனவற்றில் பெரும்பகுதியை மடக்கித் தள்ளுவதே தேர்ந்தவர்களின் நித்திய கருமம் என்பதைப் பேச அவருக்கு விருப்பமில்லை.

மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் முதலியவை வந்தால் யோசனையே இல்லாமல் மடக்கிவிடுகிறார்.

ஆயினும் தோற்கிறபோது அவருக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. வென்றவனுக்கு வாழ்த்து அனுப்பாமல் அடுத்த கைக்குப் போகமாட்டார். வாலிபத்தில் மாத்தளையில் முந்நூற்று நாலு என்னும் சீட்டாட்டம் ஆடினவர். அங்கே எதிரே சோடிக்காரன் ஒருவன் உட்கார்ந்து, தப்பான சீட்டை இறக்கினால் முறைப்பதற்கு இருந்தான். தொலைபேசிக்குள் முறைக்க யாருமில்லை. பாவம், அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார் போலும் என்று எனக்கே சில சமயம் மனம் இளகும்.

அந்த இளக்கத்தில்தான் பணமும் கொடுத்தேன். மகளின் வகுப்புக் கட்டணம் என்று தைப்பொங்கலுக்கு முன் வாங்கினது. ஆடி அமாவாசையும் கடந்துவிட்டது. இதில் வேடிக்கை ஒன்றுமில்லை, எனக்கு அந்தப் பணம் வேண்டும். கேட்டால், "ஒரு நல்ல கை வரட்டும் சேர்" என்கிறார். இரண்டு ஆசும் சேர்ந்து வருவது சராசரி 221 கைக்கு ஒருமுறை. சென்ற வாரம் வந்தது. வந்த ஆனந்தத்தில் இருந்ததெல்லாவற்றையும் ஒரேயடியாக நடுவில் தள்ளினார்; மேசையிலிருந்த அத்தனை பேரும் ஒரு விநாடிகூட யோசியாமல் மடக்கிவிட்டார்கள்.