புது ஆளும் புது மொழியும்

கேள்வி: எனக்கு ஆட்டிசம் உண்டு. பிரெஞ்சு இலக்கணம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால், பேசிப் பழக ஒரு புது ஆள் எதிரே வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: ஆட்டிசம் உள்ள இங்கிலாந்துக்காரர் டேனியல் டாம்மெட், ஒரே வாரத்தில் ஐஸ்லாந்து மொழியைக் கற்று, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பேட்டியே கொடுத்தார். 2004-ல் 'பை' எண்ணின் 22,514 இலக்கங்களை ஒப்பித்தவரும் அவர்தான். பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அந்த வேகம் வராது. ஆட்டிசம் என்றாலே மேதை என்பது சினிமா கட்டிய கதை.

உங்களுக்குச் சிக்கல் மொழியில் இல்லை, அரட்டையில். நல்லவேளை, பிரெஞ்சு அரட்டைக்கும் இலக்கணம் உண்டு: 'ஸா வா?' என்று கேட்டால், 'ஸா வா' என்பதே பதில். நம்மூர் 'சாப்டாச்சா?' மாதிரி, யாரும் மெனு கேட்கவில்லை. அதைத் தாண்டியதும் பேச வேண்டிய தலைப்பையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். 'கண்ணைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சிரமம். யோசித்துத்தான் பதில் சொல்வேன்' என்று முதலிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். வாரம் ஒரு புது ஆள் வேண்டாம். ஒருவரோடே பத்து முறை பேசுங்கள். பதினோராவது முறை அவர் புது ஆள் இல்லையே!