ஆடு தொடாத இலை

ஆனி பிறந்து சாரல் எட்டிப் பார்த்தால் தென்காசிச் சீமைக்கே கொண்டாட்டம். ராயகிரியில் எனக்கு மட்டும் இழுப்பு. மூலிகையைத் தழுவி வரும் தண்ணீர், தலையைக் காட்டினால் சீக்கு ஓடிப்போகும் என்று ஒருமுறை குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்தருவியில் குளித்து ஊர் திரும்புவதற்குள் ஓடிப்போனது என் மூச்சு.

ஆச்சியின் வைத்தியம் வேலியில் இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு ஆடாதோடைதான் வேலி. ஆடுகூட வாய் வைக்காது. அந்த இலையைத் திப்பிலி, மிளகோடு தட்டிப்போட்டு, நாலு தம்ளரை ஒன்றாக வற்றவைத்து நீட்டுவாள். "மூக்கப் புடிச்சிட்டு ஒரே மடக்குல குடிச்சிருல!" ஆட்டுக்கு இருந்த சலுகை எனக்கில்லை. சளி இளகும், மறுக்க முடியாது. நடுச்சாமத்தில் மூச்சுக்குழல் இறுகினால் மட்டும் கஷாயம் கையை விரித்துவிடும்.

தாத்தாவுக்கும் இதே சீக்கு. காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் பற்றவைப்பார். ரெண்டு இழுப்பில் நெஞ்சு லேசாகும். மூணாவதில், செத்துப்போன மாட்டோடு பேச ஆரம்பிப்பார். (1802 வாக்கில் மதராஸ் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாகத்தான் இந்தப் புகை இங்கிலாந்துக்குப் போனது என்பார்கள். அங்கே யார் யாரோடு பேசினார்களோ!)

சென்னைக்கு வேலைக்கு வந்ததும் கசப்பு விட்டது என்றிருந்தேன். டாக்டர் எழுதிக்கொடுத்த இனிப்பு சிரப்பில் புரோம்ஹெக்சின். ஆடாதோடையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து, ஜெர்மன்காரர்கள் 1960-களில் கொண்டுவந்த மருந்து. நெபுலைசரில் விட்ட இப்ராட்ரோபியமோ, ஊமத்தையின் அட்ரோபினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூளைக்கு ஏறாதபடி மாற்றியிருக்கிறார்கள், மாட்டோடு பேச வழியில்லை. எங்கள் வேலிக்கு நானே பில் கட்டிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "பாத்தியா, அன்னைக்கே நம்மாளு..." என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுவேன்: இத்தனை வருஷமாக என்னை ராத்திரி தூங்கவைப்பது, காலையும் மாலையும் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை எந்த ஆச்சியாலும் அடுப்பில் வற்றவைக்க முடியாது. நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் இறங்கும்.

போன ஆனியில் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்தைச் சுற்றிப் புதுக் கம்பிவேலி. ஆடாதோடையை வேரோடு பிடுங்கிப்போட்ட தம்பி மகன், லேசாக இருமிக்கொண்டே, ஆன்லைனில் வரவழைத்த டப்பா ஒன்றைத் திறந்து காட்டினான். ஆடாதோடை, மாத்திரையாக.

"நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க பெரியப்பா," என்றான். "கசக்கவே கசக்காது."