முகத்தில் இருப்பதற்கு மில்லி கணக்கு இல்லை

மெல்பர்ன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியிலேயே "சரி சரி, தெரியும்" என்று நிறுத்திவிடுவாய். அதனால்தான் பழைய வழக்கப்படி எழுதி அனுப்புகிறேன். அத்தானை உரக்க வாசிக்கச் சொல். அவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

என் மகளின் அரங்கேற்றத்துக்கு மேக்கப் பெட்டியோடு நீயே வருகிறாய் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே மேக்கப் போடுகிறவர் கேட்ட தொகையைச் சொன்னால் அம்மா திருச்சியிலிருந்து நடந்தே வந்து பேத்திக்குப் பூசிவிடுவாள். சலங்கையும் கோயில் நகை செட்டும் கைப்பையில்தான் வரவேண்டும் என்று நீ சொன்னதும் நியாயம். பெரிய பெட்டி, விமானம் மாறும் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டால் பிள்ளை பனியனும் ஜீன்ஸுமாக வர்ணம் ஆட முடியுமா? ஆனால் "மேக்கப் சாமானும் கையிலேயே" என்றாயே, அங்கேதான் சட்டம் குறுக்கே படுத்திருக்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதை உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் செக்யூரிட்டிப் பெண்ணிடம் மல்லுக்கு நிற்பாய். 2006 ஆகஸ்ட் 10 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தைப் பிடித்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போகும் விமானங்களை, குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்தை அடைத்துக் கொண்டுபோய் வெடிக்க வைப்பது அவர்கள் திட்டம். உடனே அங்கே கைப்பையே கூடாது என்றார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொண்டுபோனால், தாய் அதிகாரி முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு மனமிறங்கி 100 மில்லி கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அது 2007 மார்ச் 31-இல் வந்து சேர்ந்தது. திட்டம் போட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து உன் பன்னீர் பாட்டிலும் இத்தனை வருஷமாகத் தண்டனை அனுபவிக்கிறது.

கணக்கு இதுதான். எந்தக் குப்பியும் 100 மில்லியைத் தாண்டக்கூடாது. எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் அடங்கி, ஜிப் மூட வேண்டும். ஆளுக்கு ஒரு பை. அந்தப் பையின் நான்கு பக்கத்தையும் கூட்டினால் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இங்கே விதி. இவர் அதைப் படித்துவிட்டு என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறையில் இருந்த ஜிப் பைகளையெல்லாம் அளந்தார். கல்யாணத்துக்கு முன் என் ஜாதகத்தைக்கூட இந்த மனிதர் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை, குப்பியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 150 மில்லி பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை ஃபவுண்டேஷன் இருந்தாலும் குப்பைத்தொட்டிதான். "காலியாகத்தானே இருக்கிறது" என்று வாதாடாதே, சலுகையும் கேட்காதே. 2024 அக்டோபரில், சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயை விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்று நம் ஊரில் 2025 ஜனவரி 20 வரை சலுகை கொடுத்தார்கள். ஐயப்பனுக்குச் சலுகை உண்டு. நடராஜருக்கு இல்லை.

எது திரவம் என்பதில்தான் வேடிக்கை. மஸ்காரா, லிப் கிளாஸ், நெயில் பாலிஷ், கிரீம், ஜெல் எல்லாம் திரவம். பேன்கேக், காம்பாக்ட், மை பென்சில் எல்லாம் திடம். அம்மா விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்துக் குழைத்துத் தரும் மை திரவப் பைக்குள் போக வேண்டும். சாந்துப் பொட்டும் அப்படியே. ஸ்டிக்கர் பொட்டை எந்த அதிகாரியும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த தடவை அம்மா அதைக் குறை சொன்னால் இதைச் சொல்.

தேங்காய் எண்ணெய்தான் என்னைக் குழப்புகிறது. அறை வெப்பத்தில் திரவமாக இருப்பதெல்லாம் திரவம் என்கிறார்கள். யாருடைய அறை? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். திருச்சியில் அது உறைந்து நீ அதிகம் பார்த்திருக்க மாட்டாய். இங்கே ஜூலை மாதம் கத்தியால் சுரண்டித்தான் தலையில் வைக்கிறேன். எதற்கு வம்பு, பெரிய பெட்டியில் போட்டுவிடு.

அல்தா கையில் வரலாம், குப்பி சின்னதுதான். ஆனால் அரைக் குப்பி கொண்டுவராதே. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்துக்கானது. கீழே மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து, சிவப்பை மூடி வழியாக வெளியே தள்ளும். என்னோடு வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பெண்ணுக்கு இப்படி ஆயிற்று. வழியில் ஒரு பரிசோதனையில் அவள் பையைத் திறந்த அதிகாரி, உள்ளே பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துவிட்டு, மெல்ல ஓர் அடி பின்னால் போனாராம். "பாதத்துக்குப் பூசுவது" என்று இவள் விளக்க, அவர் இன்னும் ஓர் அடி போனாராம். குப்பியைக் கழுத்து வரை நிரப்பு, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கு.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பல கேட்டுகளின் வாசலிலேயே மறுபடி சோதனை உண்டு. திருச்சியில் திரைக்குப் பின்னால் தடவிப் பார்த்தாயிற்று, இனி விட்டது தொல்லை என்று நினைக்காதே. சலங்கை எக்ஸ்ரேயில் வெறும் உலோக உருண்டைக் குவியலாகத் தெரியும். கேட்டால் எடுத்து ஒரு தடவை குலுக்கிக் காட்டு, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஜதி சொல்லத் தொடங்கிவிடாதே, விமானம் போய்விடும்.

பவுடர் தொல்லை வரும்போது இல்லை, திரும்பும்போது. 2018 ஜூன் 30 முதல் இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பறப்பவர்கள் கனிமப் பொடியை 350 கிராமுக்கு மேல் கைப்பையில் கொண்டுபோகக்கூடாது. காபித்தூள், மாவு, மசாலா எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். உப்பு, மணல், சிலவகை டால்கம் பவுடர் எல்லாம் கணக்கில் வரும். திருநீறு என்று பட்டியலில் எழுதவில்லை. ஆனால் சாம்பல் எந்தப் பக்கம் விழும் என்று பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குத் தெரியும். என் மாமியார் ஊருக்குத் திரும்பியபோது கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் விபூதியும் பெரிய பவுடர் டப்பாவும் கையில்தான் வரும் என்று பிடிவாதம் பிடித்தார். விதியைச் சொன்னோம். காலையில் எழுந்து நெற்றியில் பட்டை பட்டையாகவும் முகம், கழுத்து, கை என்று பரவலாகவும் பூசிக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியில் போட்டார். "இதை எடைபோடச் சொல்லு பார்க்கலாம்" என்றார். வெள்ளை வெளேர் என்று நடந்துபோனவரை ஒருவரும் தடுக்கவில்லை.

மாமியார் சொன்னால் ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டம்தான். ஆனால் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டையை அன்றைக்குக் கண்டுபிடித்தவர் அவர்தான். பைக்கு மில்லி உண்டு, கிராம் உண்டு. முகத்துக்கு இல்லை. நீ முழு மேக்கப்போடு ஏறினால் ஒரு சொட்டையும் யாரும் அளக்க முடியாது. என்ன, பாஸ்போர்ட் படத்தையும் உன்னையும் மாறிமாறிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த ஓட்டை கழுத்துக்கு மேலே கொஞ்ச தூரம்தான். பூ வைத்துக்கொண்டு வந்துவிடாதே. செக்யூரிட்டி பூவை ஒன்றும் சொல்லாது. மெல்பர்னில் இறங்கியதும் வேறொரு கூட்டம் நிற்கும். அவர்களுக்கு வெடிகுண்டைவிடப் பூச்சிமேல்தான் பயம், விவசாய நாடல்லவா. 2025 ஓணத்துக்கு இங்கே வந்த நடிகை நவ்யா நாயர், 15 சென்டிமீட்டர் மல்லிகைச் சரத்தைக் கைப்பையில் வைத்திருந்ததற்கு 1,980 டாலர் அபராதம் என்று மேடையில் அவரே சொன்னார். நம் பணத்தில் லட்சத்துக்கு மேல். ஸ்ரீரங்கத்துப் பூக்காரம்மாவிடம் இந்த விலையைச் சொல், மயங்கி விழட்டும். தலையில் இருக்கும் பூவைச் சிங்கப்பூரிலேயே எடுத்துப் போட்டுவிட்டு ஏறு. விமானத்தில் தரும் அட்டையில் சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் "ஆம்" என்று டிக் போடு. மஞ்சள் கிழங்கும் வேர், விதையும் அதில் சேர்த்தி. காட்டிவிட்டால் பொருள்தான் போகும்.

இங்கே உள்நாட்டு விமானத்தில் திரவத்துக்குப் பெரிதாகக் கெடுபிடி இல்லை. சிட்னியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது அரை லிட்டர் நல்லெண்ணெயோடு போனோம், யாரும் வாயைத் திறக்கவில்லை. சிட்னிக்குப் போனால் நல்லெண்ணெய், திருச்சிக்குப் போனால் வெடிமருந்தா என்று இவரிடம் கேட்டேன். பாஸ்போர்ட் வாங்கினால் எண்ணெய்க்கும் குணம் மாறிவிடும் என்கிறார்.

ஆகவே கைப்பையில் சலங்கை, நகை, பேன்கேக், மை பென்சில், குச்சி லிப்ஸ்டிக், ஸ்டிக்கர் பொட்டு, ஜிப் பையில் அல்தா. மற்றதெல்லாம் பெரிய பெட்டியில். சவுரியும் குஞ்சலமும் எதில் வேண்டுமானாலும் வரலாம், அவற்றுக்கு இன்னும் விதி எழுதவில்லை.

அத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார் அல்லவா, அவர் பங்கு இதுதான்: அத்தான், உங்கள் ஷேவிங் ஃபோம் டப்பா 200 மில்லி. போன தடவை நானே உங்கள் குளியலறையில் பார்த்தேன். கைப்பையில் போட்டால் பிடுங்குவார்கள். அக்காவின் அல்தா பையில் இடம் கேட்காதீர்கள், இல்லை.

அன்புடன்,
உன் தங்கை.