காணோம் என்று சொல்லும் நேர்மை

முகத்துவாரக்குப்பத்தில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் பாக்கியசாலி. புரோகிராமைத் தொட்டதும் 'லிப்எஸ்எஸ்எல் 1.1 காணோம்' என்று பேரும் நம்பருமாகச் சொல்லிவிடுகிறது. எந்த ஆபீசில் இவ்வளவு தெளிவாகப் பதில் கிடைக்கும்?

ஆளுக்கொரு நகல் எதற்கு, எல்லோருக்கும் ஒன்று போதும் என்பதே லிப்எஸ்எஸ்எல் போன்ற பகிர்வு லைப்ரரிகளின் தத்துவம். அது போனால் எல்லோருக்கும் போச்சு. இதைவிடச் சமத்துவம் உண்டா? 2022-இல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பு, பழைய 1.1-ஐக் கழற்றிவிட்டு 3.0-க்கு மாறியது. 1.1-ஐ நம்பியிருந்த புரோகிராம்கள் நடுத்தெருவுக்கு வந்தன.

கவலை எதற்கு? 'எல்டிடி' என்று தட்டினால் இருப்பதும் இல்லாததும் பட்டியலாக வரும். குப்பத்தை ஒட்டி ஓடும் கொசஸ்தலை ஆற்றுக்கும் தட்டிப் பார்க்கலாம். ஆழம்: காணோம். இறால்: காணோம். அனல்மின் நிலையச் சாம்பல்: இருக்கிறது.

சில கெட்டிக்காரர்கள் 3.0-க்கே 1.1 என்று சிம்லிங்க் போட்டு போர்டை மாற்றிவிடுகிறார்கள். அபார நிர்வாகம்! புரோகிராம்தான் விவரம் புரியாமல், 'உள்ளே 1.1 சரக்கு இல்லையே' என்று மறுபடி அடம்பிடிக்கிறது.

ஒருவழியாக அசல் 1.1-ஐத் தேடிப்பிடித்துப் போட்டால் புரோகிராம் ஜம்மென்று திறக்கிறது. முதல் அறிவிப்பு: 'இது காலாவதியான பதிப்பு, புதியதை நிறுவவும்.'

புதியதற்கு 3.0 போதுமாம்.